அரை மாத்திரைக் கணக்கு

என் மகளின் கல்யாணப் படங்களில் என் முகம் மட்டும் உருண்டு திரண்டு இருக்கும். கன்னம் இரண்டும் உப்பி, கண்கள் உள்ளே ஒடுங்கி, பார்ப்பவர்கள் "இது யார், நீங்களா?" என்று கேட்பார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. அந்த முகத்தைக் குறைக்க ஆசைப்பட்டுத்தான், கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது உயிரையே விடப் பார்த்தேன். அந்தக் கதையை எழுதச் சொல்லிப் பலர் கேட்டும் தள்ளிப் போட்டு வந்தேன். எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சென்ற ஆண்டு நடந்ததைப் பார்த்த பிறகு, இனியும் எழுதாமல் இருப்பது சரியல்ல என்று தோன்றியது.

நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தவர். தானா ராத்தாவின் காலைக் குளிரில் விரல் விறைப்பது எங்களுக்குப் புதிதல்ல. அடுப்பில் கையைக் காட்டினால் சரியாகிவிடும். ஆனால் 2018-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்த விறைப்பு அப்படிச் சரியாகவில்லை. விடிந்து இரண்டு மணி நேரமாகியும் விரல்கள் மடங்கவில்லை. ரவிக்கைக் கொக்கியை மாட்ட மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. வகுப்பில் வெண்பலகைப் பேனா கையிலிருந்து நழுவி விழுந்தபோது, இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிக்காமல் எடுத்துக் கொடுத்தார்கள்.

முடக்குவாதம் என்றார்கள். கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவல் படை, ஆள் தெரியாமல் சொந்த மூட்டுகளையே தாக்கும் நோய். ஈப்போவில் நிபுணரைப் பார்த்தேன். அவர் இரண்டு மருந்துகள் கொடுத்தார். ஒன்று, வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டிய மெத்தோட்ரெக்சேட். நோயை அடக்கி வைப்பது அதுதான். ஆனால் அது வேலை செய்யத் தொடங்கவே பல வாரங்கள் ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்க இன்னொன்று: பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. 5 மில்லிகிராம் மாத்திரையில் தினமும் மூன்று.

மூன்றாம் நாள் காலையில் துணி பிழிந்தேன். இதைப் படிக்கும் மூட்டுவலிக்காரர்களுக்கு அந்த ஒரு வரி போதும். மற்றவர்களுக்கு எப்படிச் சொன்னாலும் புரியாது.

இந்த அதிசயத்தை உலகம் முதலில் பார்த்தது 1948-இல். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் நடக்கவே திணறிய ஓர் இளம் பெண்ணுக்கு, பின்னர் கார்ட்டிசோன் என்று பெயர் பெற்ற மருந்தை ஊசியில் செலுத்தினார். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்ச்சுக்கும் வேறு இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்பி வந்ததையும், தொடர்ந்து கொடுத்தால் உடம்பு வேறு விதமாகக் கெடுவதையும் அவர்கள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். மருந்தின் நன்மையும் அதன் கணக்கும் ஒன்றாகவே வந்தன.

என் கணக்கும் வந்தது. ஆறு மாதத்தில் 15 மில்லிகிராம் 10 ஆகக் குறைந்திருந்தது. ஆனால் முகம் உருண்டது. பசி அடங்கவில்லை. இரவில் இரண்டு மணிக்கு விழிப்பு வந்து, விடியும்வரை அலமாரியை அடுக்கிக்கொண்டிருப்பேன். ரத்தத்தில் சர்க்கரை ஏறியது. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது சொந்தக்காரர்களின் வாய். "சம்பந்தி வீட்டுக்காரங்க என்ன நெனைப்பாங்க, இப்படி ஊதிப் போயிட்டியே?" என்று ஒருவர் கேட்டார். "அந்த ஸ்டீராய்டு விஷம், உடனே விட்டுடு" என்று இன்னொருவர் சொன்னார். மார்ச்சில் கல்யாணம். 2019 ஜனவரியில் ஒரு நாள் காலை, வலிதான் இல்லையே என்று மாத்திரைப் பொட்டலத்தை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. பெரிய சாதனை செய்ததுபோல் இருந்தது.

முதல் இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் படியேறும்போது கால் கனத்தது. நான்காம் நாள் சோற்றைப் பார்த்தால் குமட்டியது. தைப்பூச விரதம் இருந்ததால் பட்டினிக் களைப்பு என்று நினைத்தேன். உடம்பு முழுவதும் அடித்துப் போட்டதுபோல் வலி. ஆறாம் நாள் வாந்தி நிற்கவில்லை. ஏழாம் நாள் காலையில் கட்டிலிலிருந்து எழுந்தவள், குளியலறைக் கதவருகே விழுந்து கிடந்ததாக மகள் சொன்னாள். தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு எங்கள் வீட்டிலிருந்து காடியில் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடமும் எனக்கு நினைவில் இல்லை.

ரத்த அழுத்தம் 80/50. ரத்தத்தில் உப்பும் சர்க்கரையும் இறங்கியிருந்தன. இளம் மருத்துவர் ஒருவர் என் கன்னத்தையும், கையில் கன்றிப்போயிருந்த தோலையும் பார்த்துவிட்டு மகளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "அம்மா ஏதாவது ஸ்டீராய்டு எடுத்தாரா? கடைசியாக எப்போது?" அவள் வீட்டுக்கு ஓடி அலமாரியைத் தேடினாள். அவள் திரும்புவதற்குள்ளேயே எனக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டு, உப்பு நீர் ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். அன்று சாயங்காலமே நான் தேநீர் கேட்டேன்.

மறுநாள் அந்த மருத்துவர் கட்டில் ஓரத்தில் நின்று, என் கைப்பேசியின் பின்பக்கத்தில் விரலால் படம் வரைந்து விளக்கினார். நம் இரண்டு சிறுநீரகங்களின் மேலும் குல்லாய் வைத்ததுபோல் அட்ரினல் என்ற சிறு சுரப்பி உண்டு. தினமும் விடியும் நேரத்தில் அது கார்ட்டிசோல் என்ற சுரப்பை அதிகமாக விடுகிறது. நாம் எழுந்து நிற்பதற்கும், ரத்த அழுத்தம் நிலைப்பதற்கும், காய்ச்சலையும் காயத்தையும் தாங்குவதற்கும் அது வேண்டும். பிரெட்னிசோலோன் அதே வேலையைச் செய்யும் மருந்து. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராம், உடம்பு தானே சுரப்பதற்குச் சமம். வெளியிலிருந்து மாதக்கணக்கில் தாராளமாகக் கிடைத்தால், மூளையிலிருந்து சுரப்பிக்குப் போகும் கட்டளை நின்றுவிடும். சுரப்பி தூங்கிப்போய் சுருங்கிவிடும். அந்த நேரத்தில் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வெளியிலிருந்தும் வரவில்லை, உள்ளிருந்தும் வரவில்லை. நான் விழுந்தது அந்த இடைவெளியில்.

"உங்களுக்கு மருந்து ஒத்துக்கொள்ளாமல் போகவில்லை. மருந்து இல்லாமல் போனது" என்றார் அவர்.

இது மருத்துவ உலகம் கொடுத்த விலையும்கூட. கார்ட்டிசோன் புழக்கத்துக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, 1952-இல், அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு செய்தி வந்தது. முடக்குவாதத்துக்காக மாதக்கணக்கில் கார்ட்டிசோன் எடுத்த ஒருவர், அறுவைச் சிகிச்சைக்குப் பின் அதிர்ச்சி நிலைக்குப் போய் இறந்துபோனார். அவருடைய அட்ரினல் சுரப்பிகள் சுருங்கிப் போயிருந்தன. நிறுத்துவதற்கும் ஒரு முறை வேண்டும் என்பதை அப்படித்தான் கற்றார்கள்.

நான் மறுபடி 10 மில்லிகிராமில் தொடங்கினேன். கல்யாணம் உருண்ட முகத்தோடுதான் நடந்தது. மகளுக்குத் தாரை வார்த்துக் கொடுக்க நான் உயிரோடு இருந்தேன்.

இறக்கம் அதற்குப் பிறகு தொடங்கியது. ஈப்போ நிபுணர் முதலில் ஒன்றைத் தெளிவாக்கினார். ஸ்டீராய்டைக் குறைக்க வேண்டுமானால், அடிப்படை மருந்து நோயைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். அதனால் மெத்தோட்ரெக்சேட்டை வாரத்தில் அதே கிழமையில், மறக்காமல், அதே நேரம் தவறிக்கூடத் தினமும் எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதோடு கொடுக்கும் ஃபோலிக் அமிலத்தையும் விடக்கூடாது. "மாத்திரையைக் குறைப்பது உங்கள் வேலை இல்லை, நம் இருவர் வேலை" என்று சொல்லி ஒரு தாளில் படி போட்டுக் கொடுத்தார். 10-லிருந்து ஏழரை. ஏழரையிலிருந்து 5. ஒவ்வொரு படியிலும் நான்கு வாரம். காலையில், பசியாறிய பின், ஒரே வேளை. ஏழரைக்கு ஒரு மாத்திரையைப் பாதியாக வெட்ட வேண்டும். மருந்துக்கடையில் மாத்திரை வெட்டும் சிறு டப்பா வாங்கினேன். மேலுறை பூசிய வகையாக இருந்தால் வெட்டக்கூடாது என்பதால், என்னுடையது எந்த வகை என்று முதலில் கேட்டுக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்து நோட்டு ஒன்றில் கோடு கிழித்தேன். தேதி, எடுத்த அளவு, காலையில் விரல் மடங்க எத்தனை நிமிடம், எந்த மூட்டு வீங்கியிருக்கிறது, தலைசுற்றல் உண்டா. இதை வேடிக்கைக்கு எழுதவில்லை. அளவைக் குறைக்கும்போது உடம்பு வலிக்கத்தான் செய்யும். கேள்வி, அது எந்த வலி என்பதுதான். மூட்டு வீங்கி, சூடாகி, காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டால் அது நோய் திரும்புவதன் அடையாளம். வீக்கமில்லாமல் தசையெல்லாம் வலித்து, அசதியாய், மனம் சோர்ந்து இருந்தால் அது பெரும்பாலும் உடம்பு குறைந்த அளவுக்குப் பழகும் வலி. சில வாரங்களில் தணியும். எழுந்து நின்றால் கண் இருட்டுவது, குமட்டல், வாந்தி என்று போனால் அது மூன்றாவது வகை. அதற்குக் காத்திருக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்த மூன்றையும் எனக்குப் பிரித்துக் காட்டியது ஒரு ரிங்கிட்டுக்கும் குறைவான அந்த நோட்டுதான். ரத்தப் பரிசோதனை முடிவோடு அதையும் வைத்துப் பார்த்துத்தான் நிபுணர் முடிவெடுப்பார்.

ஏழரையில் மூன்றாம் வாரம் வலது மணிக்கட்டு வீங்கியது. நோட்டில் விறைப்பு 20 நிமிடத்திலிருந்து 90 நிமிடத்துக்கு ஏறியிருந்தது. அழுகையே வந்துவிட்டது. திரும்ப 10-க்குப் போகச் சொன்னார்கள். மெத்தோட்ரெக்சேட்டைக் கொஞ்சம் கூட்டினார்கள். தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன். "ரிங்லெட் பக்கம் மண் சரிந்தால் என்ன செய்வீர்கள்? திரும்பிப் போய் சிம்பாங் பூலாய் வழியாக இறங்குவீர்கள், அவ்வளவுதானே" என்றார் நிபுணர். ஒரு மாதம் கழித்து மறுபடி இறங்கத் தொடங்கினேன். இந்த முறை மணிக்கட்டு பேசாமல் இருந்தது.

5-க்கு வந்தபின்தான் உண்மையான பொறுமை தேவைப்பட்டது. அதற்குக் கீழே போனால், குறைகிற பங்கைச் சுரப்பி தானே ஈடுகட்ட வேண்டும். அது விழித்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள, முந்தின நாள் மாத்திரைக்குப் பின் 24 மணி நேரம் விட்டு, காலை எட்டு ஒன்பது மணிக்கு ரத்தத்தில் கார்ட்டிசோலை அளக்கிறார்கள். எனக்கு முதலில் வந்தது 120 நானோமோல். 150-க்குக் கீழே இருந்தால் சுரப்பி இன்னும் தூக்கம்தான். சில மாதம் கழித்து 210. விழித்துக்கொண்டிருக்கிறது, இன்னும் முழுதாக இல்லை. ஒரு நாள் ஒன்று, ஒரு நாள் அரை என்று மாற்றி மாற்றி, பிறகு தினமும் அரை என்று வந்தேன். மூன்றாம் முறை 340. 300-ஐத் தாண்டினால் சுரப்பி மீண்டுவிட்டது என்று கொள்ளலாம். 2024-இல் ஐரோப்பிய, அமெரிக்க அகச்சுரப்பியியல் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியிலும் இதே எல்லைகள்தான் இருக்கின்றன. மூன்று நான்கு வாரத்துக்கும் குறைவாக எடுத்தவர்களுக்கு இத்தனை படிகள் தேவையில்லை என்றும் அது சொல்கிறது. ஆபத்து, என்னைப்போல் மாதக்கணக்கில் எடுத்தவர்களுக்குத்தான்.

இடைப்பட்ட காலத்துக்குச் சில விதிகள் சொன்னார்கள். காய்ச்சல் வந்தால், அது தணியும் வரை அன்றாட அளவை இரட்டிப்பாக்க வேண்டும். வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் ஊசிக்கு ஓட வேண்டும். பல் பிடுங்கப் போனாலும், அறுவைச் சிகிச்சைக்குப் போனாலும் முதல் வார்த்தையாக "நான் ஸ்டீராய்டு எடுக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். அதை எழுதிய அட்டை ஒன்று கைப்பையில் இருக்க வேண்டும். நானாகச் சேர்த்துக்கொண்ட விதி ஒன்றும் உண்டு: மழைக்காலத்தில் எந்தச் சாலை எப்போது அடைபடும் என்று மலையில் யாருக்கும் தெரியாது, ஆகவே இரண்டு வார மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்கும். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது அந்தக் கையிருப்புதான் என்னைப் பதற்றப்படாமல் வைத்தது. அந்த ஆண்டின் நடுவில், என் கடைசி அரை மாத்திரையைச் சாப்பிட்டேன்.

இப்போது அக்காவின் கதை.

பக்கத்து வீட்டு அக்கா நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். முதலில் கையால், பிறகு கத்தரியால். முழங்காலும் முதுகும் போய்விட்டன. சென்ற ஆண்டு பொங்கல் சமயத்தில் திடீரென்று இளமை திரும்பியவர்போல் நடந்தார். "ஆஸ்பத்திரி மருந்தெல்லாம் வேணாம் டீச்சர். அதுல ஸ்டீராய்டு இருக்குமாம். இது வெறும் வேரும் இலையும்தான்" என்று ஒரு டப்பாவைக் காட்டினார். இரவுச் சந்தையில் ஒருவர் விற்கும் ஜாமு மாத்திரை. ஒரு டப்பா நாற்பது ரிங்கிட். நான் டப்பாவைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். உருண்டிருந்தது. புறங்கையில் காகிதம்போல் மெலிந்த தோல், ஊதா நிறத் தழும்புகள். கண்ணாடியில் நான் பார்த்த அதே முகம்.

நம் நாட்டில் பதிவு செய்யப்பட்ட மருந்து ஒவ்வொன்றின் பெட்டியிலும் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். பாரம்பரிய மருந்தானால் கடைசியில் 'டி' என்ற எழுத்து இருக்கும். பளபளக்கும் ஹோலோகிராம் வில்லையும் ஒட்டியிருக்கும். அக்காவின் டப்பாவில் இரண்டும் இல்லை. மூலிகை என்று விற்கப்படும் வலி மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கலந்திருப்பதாக நம் மருந்து ஒழுங்குமுறை அதிகாரிகள் திரும்பத் திரும்ப எச்சரிக்கை விட்டிருக்கிறார்கள். அது சாதாரண ஸ்டீராய்டு அல்ல. அதில் முக்கால் மில்லிகிராம், பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராமுக்குச் சமம். எவ்வளவு கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. பிறகு எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்கு இறங்குவது?

"அப்ப இன்னிக்கே தூக்கிப் போட்டுடறேன்" என்று அக்கா டப்பாவை எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என் அலமாரியின் மேல்தட்டு ஞாபகம் வந்தது. அப்படியே, டப்பாவோடு, மறுநாள் காலை அரசாங்க கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். ஜாமு சாப்பிட்டதைச் சொன்னால் திட்டுவார்கள் என்று வழியெல்லாம் பயந்தார். யாரும் திட்டவில்லை. ரத்தம் எடுத்தார்கள், சர்க்கரை ஏறியிருந்தது. ஜாமுவை நிறுத்தச் சொல்லி, அதற்குப் பதிலாக அளவு தெரிந்த மாத்திரை கொடுத்து, அதிலிருந்து படிப்படியாக இறக்க ஏற்பாடு செய்தார்கள். முழங்காலுக்குத் தனியாக உடற்பயிற்சிச் சிகிச்சை. தேய்ந்த முழங்காலுக்கு ஸ்டீராய்டு மாத்திரை தேவையே இல்லையாம்.

அக்காவின் நோட்டுக்கும் நான்தான் கோடு கிழித்துக் கொடுத்தேன். எழுத்து வராததால் மாத்திரைக்கு ஒரு வட்டம், பாதிக்கு அரை வட்டம் போடுகிறார். இரண்டு மாதத்துக்கு முன் அலுத்துப்போய், "எப்பதான் டீச்சர் இது முடியும்?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த சுரப்பிக் கதையெல்லாம் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, கடைசியில் அவரே சொன்னார்: "கவ்வாத்து வெட்டின செடி மாதிரின்னு சொல்லுங்க. வெட்டினதும் மொட்டையா நிக்கும். துளிர் வர மாசக் கணக்காவும். அவசரப்பட்டு அந்த மொதத் துளிரைக் கிள்ளினா செடி போயிடும். கங்காணி அடிக்க வருவாரு."

இத்தனை வருடம் மருத்துவர்களிடம் கேட்டதில் இவ்வளவு தெளிவான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

இதைப் படிப்பவர்கள் என் படிகளைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டாம். அவை என் நோய்க்கும் என் உடம்புக்கும் போட்ட படிகள். உங்களுடையது வேறாக இருக்கும். அதைப் போடவேண்டியவர் உங்கள் மருத்துவர். ஆனால் உங்கள் வீட்டு அலமாரியிலும் பாதியில் கைவிட்ட பொட்டலம் ஒன்று இருந்தால், அல்லது பெயரில்லாத டப்பா ஒன்று அம்மாவின் தலையணைக்கு அடியில் இருந்தால், அதைக் கையோடு எடுத்துக்கொண்டு நாளைக் காலையே கிளினிக்குக்குப் போங்கள்.

அக்கா இந்த வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அரை வட்டம் போடத் தொடங்கியிருக்கிறார்.